உச்ச அளவுத் தோட்டா

2025 ஜூன் 14, சனிக்கிழமை முற்பகல், ஹூஸ்டனுக்கு மேற்கேயுள்ள துப்பாக்கி சுடும் திடல். நானே வெடிமருந்து நிரப்பிய உச்ச அளவுத் தோட்டாக்களில் முதலாவதைச் சுட்டாயிற்று, வெற்றுக் கூட்டை வெளியே தள்ளும் போல்ட்டின் கைப்பிடி மேலே எழ மறுக்கிறது. மறுக்கிறதா... இல்லை, சற்றே தயங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தயக்கம் உள்ளே அழுத்தம் எல்லை மீறியதன் அறிகுறி அல்லவா, எனக்கு நானே சலுகை கொடுப்பதா? பின்னால் என் மகன் செழியன் நிற்கிறான், பார்த்திருப்பானோ, பார்த்தால் முடிந்தது, கையால் நிரப்பிய தோட்டா ஒன்று கோளாறு செய்தாலும் துப்பாக்கியைத் தன் பெட்டகத்தில் பூட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான், அடுத்த வாரம் தென் டெக்சாஸில் நீல்காய் மான் வேட்டை, எழுபத்திரண்டு வயதில் என் முதல் பெருவேட்டை. "கடையில விக்கிற தோட்டா போதாதாம்மா? மேக்ஸிமம் லோடு யாருக்குக் காட்டறதுக்கு?" என்று பல நாளாய்க் கேட்பதையே காரிலும் கேட்டான். அவன் நண்பன் சபரிக்குச் சிரிப்பு வேறு: "ஆன்ட்டி, நீல்காய் நம்ம ஊர்ல இருந்து வந்தது. கிரீன் கார்டு வாங்கிட்டு நிம்மதியா மேயுது, விட்டுடுங்களேன்." "அதுக்காவது கெடைச்சுதே, உனக்கு இன்னும் வரலியே கண்ணு" என்றேன்.

வெயில்... ஆம், வெயில்தான்! வழியில் ஹில்க்ராஃப்ட் இந்தியக் கடைத்தெருவில் காய்கறி வாங்க இறங்கினோம், கறிவேப்பிலை வாடக் கூடாதென்று ஐஸ் பெட்டியில் பத்திரமாக வைத்த நான், தோட்டாப் பெட்டியைப் பின் சீட்டில் வெயிலில் விட்டுவிட்டேன், சூடேறிய மருந்து கூடுதலாகச் சீறும் என்பது தெரியாதவளா நான்? அப்படியானால் பிழை என் அளவில் இல்லை, நிழலில் ஆறவைத்து மறுபடி சுட்டால் போல்ட் வழுக்கிக்கொண்டு எழும், எவரும் அறியமாட்டார்கள். அறியத்தான் வேண்டுமா? ஆனால் வேட்டைக்காட்டில் தோட்டாவுக்கு யார் குடை பிடிப்பார்கள், அங்கே எதிரில் காயம்பட்ட நீல்காய் நிற்க, போல்ட் இறுகிக்கொண்டால்... உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன். பித்தளைக் கூடு வெளியே விழுந்தது, அதன் அடி அழுத்தத்தில் நசுங்கிப் பளபளத்தது.

"என்னம்மா, ஸ்டக் ஆயிருச்சா?"

"ஆமா. மருந்து அதிகம்."

"அப்ப வேட்டை கேன்சல்."

"கேன்சல் பண்ண நீ யாரு? அளவு என்னோடது, குறைக்கறதும் நான்தான். துப்பாக்கிமேல கை வெச்சுப் பாரு."

அவன் வைக்கவில்லை. ஆனால் இதற்கு ஒரு படி குறைந்த அளவில் சுட்ட குண்டுகள் போன வாரமே இலக்கின் நடுவில் ஒரே கொத்தாய்ப் பாய்ந்தன, நீல்காய்க்கு அதுவே போதும், அன்றைக்கே எனக்குத் தெரியும்; பிறகு ஏன் அளவை ஏற்றினேன்? அவன் போதும் என்றதாலா? "இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா" என்று அவன் சொல்லியிருந்தால் அங்கேயே நின்றிருப்பேனோ...? அது இருக்கட்டும். முடிவு இதுதான்: மீதமுள்ள உச்ச அளவுத் தோட்டாக்களை இன்றே பிரித்து மருந்தை எடுத்துவிடுவேன், ஒரு படி குறைந்த அளவோடு வேட்டைக்குப் போவேன், செழியன் வருவதானால் வரலாம்.