பார்க்கலாம் வரிசை

"நாலு."

"அப்ப கேட்டப்பவும் நாலுன்னுதான் சொன்னே."

"அப்ப நாலாவே இருக்குன்னு அர்த்தம். ஏறல. நல்லதுதானே?"

"உன் மொகம் ஏழுன்னு சொல்லுது, ராய்ஸ்."

"என் மொகத்த நம்பாத. நம்ம கல்யாணத்தன்னிக்கும் அது ஏழுன்னுதான் சொல்லிச்சு."

லோரெட்டா சிரிக்கவில்லை. வண்டி நின்று வெகுநேரமாகியும், மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டிருப்பவள் போல ஸ்டீயரிங்கை இறுகப் பற்றியிருந்தாள். வலி எவ்வளவு என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வது ஆஸ்பத்திரிக்காரர்களின் வழக்கம். அதை அவள் காருக்குள்ளேயே கணவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ச் சொன்னால் அதற்கும் காசு.

முன்கண்ணாடிக்கு நேரே அவசரப் பிரிவின் கதவு தெரிந்தது. மேலே சிவப்பு எழுத்துகள். ஆள் நெருங்கினால் தானாகத் திறக்கும் கதவு அது. ஆகஸ்ட் வெயிலில் அதற்கும் புத்தி குழம்பியிருக்க வேண்டும். யாருமே வராதபோது திறந்து, வாசலைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, மெதுவாக மூடிக்கொண்டது.

காலையில் தேவாலயத்தில் இரண்டாவது பாட்டின் நடுவில்தான் இது தொடங்கியது. ராய்ஸ் நன்றாகப் பாடுபவன் அல்ல, சத்தமாகப் பாடுபவன். சுருதி விலகிய அந்தக் குரல் பக்கத்தில் இல்லாமல் போனதைத்தான் லோரெட்டா முதலில் உணர்ந்தாள். திரும்பிப் பார்த்தபோது அவன் உட்கார்ந்திருந்தான். முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. "வெயில்" என்றான். ஏசி போட்ட கூடத்துக்குள் என்ன வெயில்? வீட்டுக்குப் போகலாம் என்றான். அவள் சரி என்று சொல்லிவிட்டு வண்டியை இங்கே கொண்டுவந்து நிறுத்தினாள். எங்கே வந்திருக்கிறோம் என்று பார்த்த பிறகும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தின் மூன்றாவது வரிசை. ஹார்லன் கிரீக் ஊரில் அதற்குப் பார்க்கலாம் வரிசை என்று பெயர். அங்கிருந்து கதவு தெரியும், ஓடினால் மூச்சு வாங்குவதற்குள் போய்விடலாம். ஆனால் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததாக யாரும் எழுதிக்கொள்ள முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்குகிறதா, பார்க்கலாம். ரத்தம் நிற்கிறதா, பார்க்கலாம். போன வருஷம் லோரெட்டாவே சிறுநீரகக் கல்லோடு இங்கே ஒரு மதியம் முழுக்கச் சுருண்டு கிடந்து, கல் இறங்கியதும் வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாடு சமைத்தாள். உள்ளே போன சிலருக்கு என்ன ஆனது என்பதும் ஊருக்குத் தெரியும். உயிர் பிழைத்துத் திரும்பிவந்து, வீட்டை விற்றார்கள்.

"செவ்வாய்க்கிழம வந்துடும், லோ" என்றான் ராய்ஸ்.

"இன்னிக்கு ஞாயிறு."

"நடுவுல ஒரே ஒரு திங்கள். திங்கட்கிழமைல யாரும் சாகறதில்ல. வேலைக்குப் போகணுமே."

அவன் வேலைபார்த்த சோபா தொழிற்சாலை வசந்தத்தில் மூடியபோது, முதலாளி கொடுத்த மருத்துவக் காப்பீடும் அதோடு போயிற்று. இப்போது கோழிப் பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டுகிறான். புது முதலாளியின் காப்பீடு ஒன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை தொடங்கும். லோரெட்டா முதியோர் விடுதியின் சமையலறையில் அரைநேர வேலை செய்கிறாள். அரைநேரக்காரர்களுக்கு அங்கே காப்பீடு கிடையாது. இடைப்பட்ட மாதங்களுக்குச் சொந்தமாக ஒன்று வாங்கலாமா என்று அவள் ஃபோன் செய்து கேட்டாள். காப்பீட்டு நிறுவனத்தில் ஃபோனை எடுத்த பெண் ஒரு தொகை சொன்னாள். "வருஷத்துக்கா?" என்று கேட்டாள் லோரெட்டா. "மாசத்துக்கு, மேடம்." நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து இருவரும் கண்ணாடிப் பாத்திரங்களைப் போலத் தங்களைத் தாங்களே ஜாக்கிரதையாகத் தூக்கிக்கொண்டு நடமாடினார்கள். ராய்ஸ் ஏணியில் ஏறவில்லை. மீன்பிடிக்கக்கூடப் போகவில்லை.

"காசுக்காக மட்டும் சொல்லல" என்றான் அவன். கண்களை மூடியிருந்தான். "மெர்ல் கத உனக்குத் தெரியும்ல."

தெரியும். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ராய்ஸின் அண்ணன் மெர்ல், ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே, நெஞ்சு கனக்கிறது என்று டாக்டரிடம் போனான். டாக்டர் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். அதற்குப் பிறகு எந்தக் காப்பீட்டுக்காரனும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏற்கனவே இருந்த வியாதி என்றார்கள். அந்த வார்த்தை நாய் மாதிரி அவன் பின்னாலேயே போயிற்று. ஐம்பது தாண்டியதும் அவனைப் புதைத்தார்கள்.

"செவ்வாய்க்கு முன்னாடி என் நெஞ்சப் பத்தி எவனும் எதுவும் எழுதக் கூடாது. ஒரு வார்த்தகூட. செவ்வாய்க்கிழம காலைல நானே நடந்து போய், 'ஐயா, இப்பத்தான் வலிக்க ஆரம்பிச்சுது'ன்னு சொல்றேன். சரியா?"

"சரி" என்றாள். மெர்லின் சவப்பெட்டியும் அவள் கண்ணில் இருந்தது, இவன் முகமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற பழைய பிக்கப் வண்டியின் கண்ணாடி இறங்கியது. வெள்ளை மீசைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். இடது கை முழுக்கச் சமையலறைத் துண்டைச் சுற்றியிருந்தார். துண்டில் போட்டிருந்த சேவல் படம் பாதி சிவந்திருந்தது.

"நெஞ்சா?" என்றார்.

"வெயில்" என்றான் ராய்ஸ்.

"எனக்குப் புல் வெட்டுற மெஷின், பிளேடு கையக் கிழிச்சிடுச்சு. என் பேரு ஓட்டிஸ். மருந்துக் கடை பக்கத்துல சின்ன கிளினிக் இருக்கே, பன்னெண்டு மணிக்குத் தொறக்குறான். அங்க தையல் சல்லிசு. அதுவரைக்கும் இங்க நிக்கிறேன், ஒருவேள மயக்கம் போட்டுட்டா கிட்டத்துல இருக்கலாம்ல." வண்டியின் டாஷ்போர்டு அறையைத் துழாவினார். "இந்தாம்மா, ஆஸ்பிரின். சின்ன மாத்திரதான். நாலு குடுங்க, அப்படியே முழுங்க வேணாம், மென்னு திங்கச் சொல்லுங்க. தம்பி, வெயிலுக்கு நல்லது."

ராய்ஸ் மென்றான். வாய் கோணியது. "ஆரஞ்சு வாசன வருது. கொழந்த மாத்திரையா?"

"நாமெல்லாம் கொழந்தைங்கதானே. இல்லன்னா இப்படி அழுதுட்டே வாசல்ல நிப்போமா?"

ராய்ஸ் சிரித்தான். சிரிப்பு பாதியில் எங்கோ இடித்து நின்றது. அவன் கழுத்தைத் தடவினான். பிறகு தாடையை. இடது கையை மடியில் வைத்து, அது வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓர் ஈ உள்ளே வந்தது. அவனுடைய ஞாயிற்றுக்கிழமை டையில் உட்கார்ந்தது. அங்கிருந்து நடந்து சட்டைக் காலருக்கு ஏறியது. ஈயென்றால் அவனுக்கு ஆகாது. வீட்டில் ஈ அடிப்பானைக் கையில் வைத்துக்கொண்டே டிவி பார்ப்பவன். இப்போது ஈ அவன் தாடைக்கு வந்து நின்றது. அவன் அதை ஓட்டவில்லை.

லோரெட்டா அவன் பக்கம் சாய்ந்தாள். கை நீட்டி ஈயை விரட்டினாள். அவன் தோல் ஈரமாக இருந்தது. கிணற்றுக் கல்லைத் தொட்டதுபோல.

"நாலு" என்றான் ராய்ஸ்.

அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்" என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "இங்கேயே இரு."

"நான் எங்க போகப் போறேன்?"

சாவியை எடுத்துக்கொண்டாள். ஓட்டிஸைப் பார்த்தாள். அவர் வண்டியிலிருந்து இறங்கி, ராய்ஸின் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கதவு அவளுக்காகத் திறந்தது. உள்ளே குளிர்ச்சி, மருந்தும் தரை கழுவும் திரவமும் கலந்த வாசனை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளம்பெண் நிமிர்ந்தாள்.

"பேரு சொல்லுங்க, மேடம்."

லோரெட்டா கார் சாவியை இறுகப் பிடித்தாள். பெயரைச் சொன்னால் அத்தோடு செலவுக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். டாக்ஸி மீட்டர் போல. "எனக்கில்ல. சும்மா கேக்கலாம்னு... தெரிஞ்சவர் ஒருத்தருக்கு."

காப்பிக் கோப்பையோடு உள்ளே போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ் நின்றாள். பருத்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, மார்பில் பெட்டினா என்ற பெயர் அட்டை.

"தெரிஞ்சவருக்கு என்ன பண்ணுது?"

"நெஞ்சு பாரமா இருக்காம். எடது கையும் ஒரு மாதிரி இருக்கு."

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

"வீட்ல."

பெட்டினா அவளுடைய தேவாலய உடுப்பைப் பார்த்தாள். உள்ளங்கையில் பதிந்துபோகும்படி அவள் பிடித்திருந்த கார் சாவியைப் பார்த்தாள்.

"மூணாவது வரிசையிலயா?"

இல்லை என்று சொல்லத்தான் லோரெட்டா வாயைத் திறந்தாள். அதற்குள் தலை ஆமாம் என்று ஆடிவிட்டது.

காப்பிக் கோப்பை கண்ணாடி ஓரத்தில் அப்படியே நின்றது. பெட்டினா சுவரோரம் இருந்த சக்கர நாற்காலியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். லோரெட்டா பின்னால் ஓடினாள்.

"செவ்வாய்க்கிழமதான் அவருக்கு இன்சூரன்ஸ் வருது. அதுக்கு முன்னாடி நெஞ்சுல கோளாறுன்னு எழுதிட்டா, அப்புறம் சேத்துக்க மாட்டாங்களே? ஏற்கனவே இருந்த வியாதின்னு?"

"யாரு சொன்னா? அந்த வழக்கமெல்லாம் போயி எத்தன வருஷமாச்சு! இப்ப அப்படிச் சொல்ல அவங்களுக்கு உரிமையே கெடையாது, மேடம்."

லோரெட்டாவின் கால் ஒரு கணம் நின்றது. செத்துப்போன ஒன்றுக்குப் பயந்தா இவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம்? ஊரில் ஒருவருக்கும் தெரியாதா?

"அப்ப இன்னிக்கு ஆகுற செலவு?"

பெட்டினா வேகத்தைக் குறைக்கவில்லை. "அது இருக்கு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரில உதவி கேக்க ஒரு வழி இருக்கு. எவ்ளோ கொறைப்பாங்கன்னு பார்க்கலாம்."

பார்க்கலாம். அந்த வார்த்தை இங்கேயும் வந்து நின்றது.

ஓட்டிஸ் தன் நல்ல கையைக் கார் கூரையில் ஊன்றி, குனிந்து பேசிக்கொண்டிருந்தார். "கண்ண மூடாத, தம்பி. பெரிய மீன் எங்க புடிச்சேன்னு சொல்லு. பொய்யா இருந்தாலும் பரவால்ல." இவர்களைக் கண்டதும் விலகினார். "கதவப் பூட்டிட்டான்மா" என்றார் மெதுவாக.

ராய்ஸ் முதலில் சக்கர நாற்காலியைப் பார்த்தான். பிறகு லோரெட்டாவை. முப்பது வருஷத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. பின்வாசல் வழியாக வந்த திருடனைப் பார்ப்பதுபோல.

"பாத்ரூம்னு சொன்னே."

அவள் சாவியின் பொத்தானை அழுத்தினாள். பூட்டு டக்கென்று எழும்பியது. அவன் கை அதை டக்கென்று அமுக்கியது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அமுக்கினான். வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

ஜன்னல் கண்ணாடி நாலு விரல் அளவு இறங்கியிருந்தது. பெட்டினா அந்த இடைவெளிக்கு நேராகக் குனிந்தாள்.

"சார், இன்சூரன்ஸ் இருந்தாலும் இல்லாட்டியும் உங்களப் பார்ப்போம். பார்த்துத்தான் ஆகணும், அது எங்க கடம."

"பார்ப்பீங்க" என்றான் ராய்ஸ். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சைத் தேடினான். "அப்புறம் பில்லு அனுப்புவீங்க."

"ராய்ஸ், மெர்லுக்கு ஆனது இப்ப ஆகாது" என்றாள் லோரெட்டா. "அந்த வழக்கமே போயிடுச்சாம். சட்டமே இருக்காம். எழுதினா எழுதட்டும்."

"போனது... திரும்பி வராதா?"

"வராது."

"சோபா ஃபேக்டரிதான்... போனா வராது. இதெல்லாம்... வரும்."

பெட்டினா அவன் உதடுகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறுகியதை லோரெட்டா கவனித்தாள். காலையிலிருந்து தனக்குள் இருந்த பயம் இப்போது ஒரு நர்ஸின் முகத்தில் இருந்தது. அப்படியானால் அது நிஜம்.

"நீங்க இழுத்துட்டுப் போங்க" என்றாள் லோரெட்டா. "நான் கதவத் தொறக்கறேன். ஓட்டிஸ் அந்தப் பக்கம் புடிப்பாரு."

"நெனவோட இருக்குற ஆள அவரு சம்மதமில்லாம நான் தொட முடியாது, மேடம். நெனவு போயிட்டா கேக்க வேண்டியதில்ல." இடைவெளிக்குத் திரும்பினாள். "அது வரைக்கும் காத்திருக்கணுமா சார்? நீங்க தலையாட்டினாப் போதாது. சரின்னு வாயால ஒரு வார்த்த சொல்லுங்க."

லோரெட்டா பொத்தானை அழுத்தினாள். பூட்டு எழும்பியது. ராய்ஸின் கை அதன் மேல் போய் அமர்ந்தது. இந்த முறை அமுக்கவில்லை. எடுக்கவும் இல்லை. விரல்கள் சும்மா அங்கே கிடந்தன.

ஈ திரும்பி வந்திருந்தது. தூரத்தில் அந்தக் கதவு திறந்து, யாரையும் காணாமல் நின்றது.

அவன் உதடு அசைந்தது. அது நாலு என்கிறதா, சரி என்கிறதா, அவளுடைய பெயரைச் சொல்கிறதா என்று கேட்க லோரெட்டா கண்ணாடியின் இடைவெளியில் காதை வைத்தாள். உள்ளேயிருந்து ஆரஞ்சு வாசனை மட்டும் வந்தது.

"ஒரே ஒரு வார்த்த, ராய்ஸ்" என்றாள். "சொல்லிடேன்."