நான் நாகர்கோவில் இல்லை

1.

இந்தக் கதை மின்சார ரயிலில் நடந்த ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது. அந்த வாக்குவாதத்தில் நான் தோற்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்றவள் எழுதும் கதையைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. தாம்பரத்திலிருந்து பீச் போகும் வண்டி, பெண்கள் பெட்டி. எதிரே உட்கார்ந்திருந்த பெண் வங்கியில் வேலை பார்ப்பவர் போலத் தெரிந்தார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, அனுமதியில்லாமல் இந்த நாட்டுக்குள் வந்த அத்தனை பேரையும் வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும் என்றார். வீட்டுக்குத் தாழ்ப்பாள் போடுகிறோம், நாட்டுக்குப் போட வேண்டாமா என்றும் கேட்டார். பெட்டியில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் யூனிஸ் என்ற ஒருத்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவங்க நல்லவங்களாவே இருக்கட்டும். வர்ற எல்லாருமே அப்படித்தான்னு நீங்க பொறுப்பு ஏத்துப்பீங்களா?"

கோடம்பாக்கம் வந்தது. இறங்கிவிட்டேன்.

ரயிலில் வராத பதிலைக் கதையில் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். மழைக்காலம் வந்துவிட்டது. பதில் இன்னும் வந்தபாடில்லை. கதை மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

2.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "கடல் கறுத்துக் கிடந்தது. படகில் இருந்தவர்கள் மூச்சையும் அடக்கிக்கொண்டு —"

அடித்துவிட்டேன். அந்தக் கடலை நான் பார்த்ததில்லை. யூனிஸும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

இரண்டாவது தொடக்கம்: "அகதி என்பவர் யார் என்பதற்குச் சட்டத்தில் —"

அதுவும் வேண்டாம். கதை படிக்க வந்தவரைப் பெஞ்சில் உட்காரவைக்கக் கூடாது.

ஆகவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். இரும்புலியூரில் கிளியம்மாளின் வீடு. முன்னால் அவர் குடும்பம், பின்னால் வரிசையாக நான்கு போர்ஷன்கள். ஒரு காலத்தில் அங்கே அவர்கள் நெல் போட்டிருந்தார்கள். பிறகு மனை பிரித்து விற்று, மிச்சம் வைத்த இடத்தில் இதைக் கட்டினார்கள். ஐம்பது வயது தாண்டிய கிளியம்மாள்தான் எல்லாவற்றுக்கும் முதலாளி. இரண்டாவது போர்ஷனில் நான் இருந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. மூன்றாவது காலியாக இருந்தது. 1990இல், ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, அதற்கு யூனிஸ் குடிவந்தாள்.

தனியாள். முப்பதைத் தாண்டியவள். ஒரு தையல் மெஷினை வாங்கிப் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்ததையும், மண்டபம் முகாமிலிருந்து அனுமதி வாங்காமல் கிளம்பியதையும்* கிளியம்மாளிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். கிளியம்மாள் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டார். இது என்ன பேச்சு, எந்த ஊர்க்காரி என்று தெருவில் கேட்டவர்களிடம், நாகர்கோவில் பக்கம் என்று சொல்லிவைத்தார். நாகர்கோவிலை அவரும் பார்த்ததில்லை, கேட்டவர்களும் பார்த்ததில்லை. யூனிஸ் அதை மறுக்கவில்லை. ஆனால் அவள் வாயால் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

(* சட்டப்படி இது குற்றம். இதை நான் மறைத்திருக்கலாம். மறைத்தால் ரயிலில் வந்த பெண்மணி என்னை இரண்டாவது முறையும் தோற்கடித்துவிடுவார்.)

3.

இந்தக் கதையின் முதல் பிரதியை, சிற்றிதழ் நடத்தும் நண்பர் சாம்பசிவனிடம் கொடுத்தேன். யூனிஸைக் கொஞ்சம் மென்மையாக்குங்கள், வாசகருக்கு அவள்மேல் இரக்கம் வர வேண்டாமா என்றார்.

வர வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். யூனிஸ் மென்மையானவள் இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது என்று முதல் வாரமே கிளியம்மாளிடம் குறை சொன்னாள். அவளுடைய ஊர்க் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்குமாம். அப்படியென்றால் அங்கேயே போய்க் குடி என்றார் கிளியம்மாள். கொடியில் துணி காயப்போடுவதிலிருந்து வாசலில் தண்ணீர் தெளிப்பது வரை இருவருக்கும் ஓயாத சண்டை. காலையில் பால் வாங்கும்போது விட்ட இடத்திலிருந்து மாலையில் தொடர்வார்கள். நான் வேலையிலிருந்து திரும்பும்போது பின்கட்டில் சத்தம் இல்லையென்றால், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

அவளை நல்லவளாக மாற்றி எழுதினால்தான் அவளுக்கு ஒரு கூரை கிடைக்கும் என்றால், அந்தக் கூரையை நான் கட்டித்தரப் போவதில்லை. எங்களோடு குடியிருந்த மற்றவர்களிடம் யாரும் நல்ல குணத்தை நிரூபிக்கச் சொல்லவில்லை. என்னிடமும் கேட்டதில்லை.

4.

1991 மே மாதம். ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. எங்களுக்கு அது பக்கத்து ஊர். அடுத்த நாள் கடைகள் திறக்கவில்லை, பஸ் ஓடவில்லை. அதற்குப் பின் தமிழ்நாடெங்கும் முகங்கள் மாறின. இலங்கைத் தமிழர்கள் எல்லோரும் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. வீட்டுக்காரர்கள் பலர் சொல்லாமல் கொள்ளாமல் அவர்களுடைய சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்தார்கள்.

இங்கே தோத்தாத்ரி வருகிறார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதியிருந்தேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கிற, எல்லோரையும் வேவு பார்க்கிற மனிதராக. எழுதும்போது சுலபமாக இருந்தது. சுலபமாக இருந்ததால்தான் சந்தேகம் வந்தது.

உண்மை வேறு. 1984இல் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஈழக் குழு ஒன்று வைத்த குண்டு வெடித்தபோது, அவருடைய தம்பி அங்கே வேலையில் இருந்தார். ஒரு கண் போனது. அந்தத் தம்பியைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார் தோத்தாத்ரி. பட்டாசுச் சத்தம் கேட்டால் தம்பி கட்டிலுக்கடியில் போய்விடுவார். அவரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவருவது தோத்தாத்ரியின் வேலை. இந்த மனிதரைப் பார்த்து, உங்கள் பயம் அர்த்தமற்றது என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கு வருமா?

5.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோத்தாத்ரி வீட்டு மொட்டை மாடியில் சங்கக் கூட்டம் நடந்தது. எனக்கு அன்று மதிய ஷிப்ட். ஆகவே நான் அங்கே இல்லை. கிளியம்மாளிடமும், தோத்தாத்ரியிடமும், நான்காவது போர்ஷனில் இருந்த அசரியா வாத்தியாரிடமும் தனித்தனியாகக் கேட்டுத்தான் எழுதுகிறேன். மூவரும் ஒன்றுபோலச் சொன்னதை மட்டும் பேச்சாகத் தருகிறேன். மற்றதெல்லாம் என் சொற்கள்.

தோத்தாத்ரி அறிவிப்பை வாசித்தார். நம் தெருவில் அப்படி யாராவது இருந்தால் மாத முடிவுக்குள் காலி செய்ய வைப்பது என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவர்கள் மேல் வெறுப்பில்லை, யார் எப்படி என்று தெரியாதபோது தெருவைக் காப்பதுதான் முதல் கடமை என்றார். பிறகு கிளியம்மாளைப் பார்த்து, உங்கள் மூன்றாவது போர்ஷனில் இருப்பவர் எந்த ஊர் என்று கேட்டார். கிளியம்மாள் சளைக்காமல், நாகர்கோவில்தான், இதை எத்தனை தடவை சொல்வது என்றார்.

யூனிஸ் மாடிப்படிக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. குடியிருப்பவர்கள் கூட்டம் என்றார்கள், நானும் குடியிருக்கிறேன் என்று வந்திருக்கிறாள்.

"நான் நாகர்கோவில் இல்லை. யாழ்ப்பாணம். வள்ளத்திலை வந்தனான். முகாமிலை சொல்லாமல்தான் வெளிக்கிட்டனான்."

[இந்த இடத்தில் அமைதியை விவரித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். காக்கை எல்லாம் வந்தது. எடுத்துவிட்டேன்.]

இயக்கத்தில் உங்களவர் யாராவது உண்டா என்று தோத்தாத்ரி கேட்டார். குரலை உயர்த்தவில்லை. இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் அங்கேயே பாதிப் பேர் சமாதானமாகியிருப்பார்கள்.

"தம்பி இருந்தவன். இப்ப உயிரோடை இல்லை. அவன் செய்ததெல்லாம் சரி எண்டும் சொல்லமாட்டன், அவன் என்ரை தம்பி இல்லை எண்டும் சொல்லமாட்டன்."

சாம்பசிவன் எடுக்கச் சொன்னது இந்த வரியைத்தான். தம்பி வேண்டாம், கதை சிக்கலாகிறது, வாசகர் கைவிட்டுவிடுவார் என்றார். கைவிடுகிறவர்கள் இங்கேயே கைவிட்டுவிடலாம். இதற்கு மேலும் உடன் வருபவர்களுக்குத்தான் மீதிக் கதை.

கூட்டத்தில் சலசலப்பு. சிலர் எழுந்தார்கள். ஒருவர் இப்போதே போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்றார். யூனிஸ் நகரவில்லை.

"நீங்கள் பயப்பிடுறது பிழை எண்டு நான் சொல்லேல்லை. ஆனா நான் ஆர் எண்டதை நான்தான் சொல்லவேணும்."

கிளியம்மாளுக்கு அவமானம். அத்தனை பேர் முன்னால் அவருடைய பொய் உடைந்துவிட்டது, அதுவும் அவர் காப்பாற்ற நினைத்தவளாலேயே. அவர் யூனிஸைத் திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்ததாக அசரியா சொன்னார். திட்டவும் செய்தார், அறிவிருக்கிறதா என்றார். பிறகு தோத்தாத்ரியின் பக்கம் திரும்பினார்.

"பொய் சொன்னது நானு, அவ இல்ல. நாளைக்கு நானே அவள இட்டுகினு ஸ்டேசனுக்குப் போறேன், இன்னா எழுதணுமோ எழுதிக்கட்டும். ஆனா வூட்ட காலி பண்ண சொல்லமாட்டேன். வாடகைக்கு வுட்டது நானு, சங்கம் இல்ல."

தீர்மானம் நிறைவேறியது. கிளியம்மாள் அதற்குள் படியிறங்கிவிட்டிருந்தார்.

6.

ஏன் அப்படிச் செய்தார்?

இதற்கு மட்டும் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். "அவருடைய மூத்த மகள் சின்ன வயதில் —" இல்லை, அப்படி எதுவும் நடக்கவில்லை. "சொந்த நிலத்தைத் துண்டு துண்டாக விற்ற வலி —" அவருக்கு வலியெல்லாம் இல்லை, நல்ல விலைக்குத்தான் விற்றார். "ஒரு தாயின் உள்ளம் —" இதை எழுதிய பேனாவைத் தூக்கிப் போடலாம்.

கடைசியில் அவரிடமே கேட்டேன். மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவளாண்ட நானு சண்ட போட்டுகினு கீறேன். பாதில வந்து அனுப்புன்னா எப்டி?"

இதற்கு மேல் நான் காரணம் தேடவில்லை.

7.

மறுநாள் இருவரும் காவல் நிலையம் போனார்கள். பதிவு செய்ய வந்தவர்கள் நிறையப் பேர் இருந்ததால் மதியம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோத்தாத்ரியும் வந்தார். தீர்மானத்தின் நகலைக் கொடுக்க வந்தேன் என்றார். இன்ஸ்பெக்டர் இவளைப் பற்றிச் சங்கம் என்ன நினைக்கிறது என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை, கிளியம்மாள் என்னிடம் சொன்னபோது சற்று வியப்போடுதான் சொன்னார்.

"இவங்க இங்க இருக்கறத நான் எதிர்க்கிறேன் சார். ஆனா கேட்டதுக்கு மறைக்காம பதில் சொன்னாங்க. அதையும் சேர்த்தே எழுதிக்கோங்க."

யூனிஸை அடைத்துவைக்கவில்லை. வாரந்தோறும் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவள் போட்டாள். தோத்தாத்ரியும் கிளியம்மாளும் சமாதானமாகும் காட்சி ஒன்று வேண்டும் என்று சாம்பசிவன் கேட்டார். அவர்கள் சமாதானமாகவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் முகம் திருப்பிக்கொண்டார்கள். தோத்தாத்ரி தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை, தம்பியின் கண் திரும்பி வரவும் இல்லை.

தெரு யூனிஸிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதை நிறுத்தியது. கிளியம்மாள் தன் நாத்தனார்கள், சம்பந்திகள் எல்லோருடைய துணியையும் ஊரப்பாக்கம், கோவிலம்பாக்கம் என்று அலைந்து வாங்கிவந்து போட்டார். கழுத்து சரியில்லை, கை இறுக்கம் என்று அதிலும் சண்டை. யூனிஸ் தையலைப் பிரித்து அவர் முன்னாலேயே வீசினாள். அந்தக் காலத்தில்தான் அவள் சிரித்து முதல்முறையாகப் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு, வெளியே தங்கியிருப்பவர்களில் சிலரை முகாம்களுக்கு மாற்றினார்கள். ஒரு காலை ஜீப் வந்தது. யூனிஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கிளியம்மாள் ஜீப்பின் முன்னால் நின்றுகொண்டார், இரண்டு கான்ஸ்டபிள்கள் பேசிப் பேசித்தான் நகர்த்த முடிந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். விடுங்கோ அக்கா, இவையளுக்கும் மேலே ஆக்கள் இருக்கினம் என்றாள் யூனிஸ்.

சென்னைக்கு வடக்கே இருந்த அந்த முகாமுக்குக் கிளியம்மாள் ஒருமுறை கருவாட்டுக் குழம்பு எடுத்துக்கொண்டு போனார். புளி கூடிவிட்டது என்றாளாம். அடுத்த முறை போனபோது அவள் அங்கே இல்லை. ஊர் திரும்ப விருப்பம் என்று கையெழுத்துப் போட்டுக் கப்பலில் போய்விட்டாள் என்று ஒருவர் சொன்னார். கையெழுத்துப் போட மறுத்ததால் வேறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்றார் இன்னொருவர். இவ்வளவுதான் தெரியும்.

8.

சாம்பசிவன் முடிவு கேட்கிறார். இரண்டு முடிவுகள் எனக்கு வெகு எளிதாக வருகின்றன. ஒன்றில் யூனிஸ் திரும்பிப் போய், குண்டு விழுந்து சாகிறாள்; படிப்பவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். மற்றதில் அவள் உண்மையிலேயே ஆபத்தானவள் என்று தெரியவருகிறது. அப்போதே சொன்னேனே என்று இன்னொரு வாசகர் புத்தகத்தை மூடலாம். இரண்டையும் எழுதினேன். இரண்டும் நன்றாகவே வந்திருந்தன. கிழித்துவிட்டேன்.

எல்லைக்குக் காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருகிற எல்லோருக்கும் பொறுப்பேற்க என்னால் முடியாது. ஒருத்தியைப் பற்றித்தான் எனக்குத் தெரியும், அதுவும் பக்கத்துச் சுவர்வழியாகக் கேட்ட அளவுக்கு.

"இப்போது அவள் எங்கோ ஒரு தூரதேசத்தில் —" என்று ஒரு வரி தொடங்கினேன். நிறுத்திக்கொண்டேன். யூனிஸ் எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்று தீர்மானிக்க ஏற்கெனவே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த வரிசையில் நான் போய் நிற்க மாட்டேன். நிற்க விரும்புகிறவர்கள் முடிவை எழுதிக்கொள்ளலாம். எழுதியதை எனக்கு அனுப்ப வேண்டாம்.