சமையலறைக்குப் போன டிரைவரம்மா

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் சர்க்கரை டப்பாவை எடுக்கப் போன டிரைவரம்மா மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குத்தான் திரும்பி வந்தார். போனது வெளியில் எங்கும் இல்லை. அதே சமையலறையில், அடுப்புக்கு எதிர்ப்பக்கம் இருந்த அலமாரிக்குத்தான். டப்பாவை மேடையில் வைத்துவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டே, "கொஞ்சம் தூரமாயிடுச்சுங்க" என்றார். கேக்குக்காக அடித்து வைத்திருந்த முட்டையின் நுரை அதற்குள் அமுங்கிப் போயிருந்தது. அதை மறுபடியும் அடிக்க வேண்டியிருந்ததே என்பதைத் தவிர அவருக்கு வேறு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அவருடைய வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தெருவில் லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். டிரைவரம்மாவுக்குப் பொழுது விடியும் முன்பே பஸ்ஸை எடுக்க வேண்டிய வேலை என்பதால், வருஷம் முழுக்க அந்த வீட்டில் உலை வைப்பது அவர்தான். டிசம்பர் கடைசியில் மட்டும் கதை மாறும். டிரைவரம்மா லீவு போட்டுவிட்டு, கணவரைத் தோளைப் பிடித்துக் கூடத்துக்குத் தள்ளிவிட்டு, சமையலறையைத் தன் வசம் எடுத்துக்கொள்வார். கேக்கும் பிஸ்கட்டும், அடுப்பில் சுட்ட முழுக்கோழியும், பட்டாணி சூப்பும், ரொட்டியும் அவர் கையால்தான் ஆக வேண்டும். சாப்பிட வருகிறவர்கள் கூட்டமும் சின்னதில்லை. டிரைவரம்மாவின் அக்கா வருவார். மகளுக்குப் பெரியம்மா என்பதால் எல்லாருமே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அடுத்த வீட்டு மேஸ்திரி குடும்பத்தோடு வருவார். பஸ்ஸில் தினமும் ஏறி இறங்கிப் பழகியவர்கள், பண்டிகைக்குப் போக்கிடம் இல்லாதவர்கள் என்று சிலர் தட்டும் கையுமாக வந்து நிற்பார்கள்.

சர்க்கரை விஷயத்தைக் கேள்விப்பட்ட மேஸ்திரி அளவு நாடாவோடு வந்தார். நாடா முழுவதும் ஓடித் தீர்ந்தும் அலமாரி தள்ளியே நின்றது. வெளியே போய்ப் பின்சந்தில் நின்று அளந்தார். சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது, அதை ஒட்டி யாரோ நிறுத்தியிருந்த ஸ்கூட்டரும் அப்படியே நின்றது. "வெளியில எட்டடிதான்ணே. உள்ளதான் கணக்கு உதைக்குது" என்றார். ஈரப்பதமாக இருக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். புத்தாண்டு முடிந்து டிரைவரம்மா வேலைக்குத் திரும்பிய அன்று சமையலறை பழைய அளவுக்கு வந்துவிட்டது. பிறகு யாரும் அதைப் பேசவில்லை. நல்லபடியாக முடிந்த காரியத்தைக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த வருஷம் கேக்குக்கு மாவு சலிக்கத் தொடங்கியதுமே அது நீளத் தொடங்கியது. அதற்கடுத்த வருஷம் இன்னும் நீளம். கூடத்தில் விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருப்பார்கள். டிரைவரம்மா வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்து சூப்பை வைப்பார், நாற்காலியில் பாதி உட்காருவார், "ஐயோ, கோழி!" என்று எழுந்து ஓடுவார். கோழி வருவதற்குள் சாயங்காலமாகிவிடும். ஆனால் கொண்டு வந்து வைக்கும்போது அதில் ஆவி பறக்கும். எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும் அந்த வீட்டில் ஒரு பண்டம்கூட ஆறிப் போய் வந்ததில்லை. ஒரு வருஷம் மகள் தன் சைக்கிளை உள்ளே கொண்டு போய், கேரியரில் ரொட்டித் தட்டைக் கட்டி எடுத்து வந்தாள். விருந்தாளிகள் கை தட்டினார்கள். லிஃப்ட்காரர் மட்டும் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டு, கையில் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டு போகாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்த வருஷம் விடுமுறை முடிந்ததும் அவர் மனைவியிடம் பேசினார். "அடுத்த தடவை எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஓட்டலுக்குப் போயிடலாம்மா. உடம்பை எதுக்கு இப்படிக் கெடுத்துக்கறே?"

"ஓட்டலுக்கா?" என்று டிரைவரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வருஷம் பூரா ஊரையெல்லாம் ஏத்தி அவங்கவங்க வீட்டு வாசல்ல இறக்கி விடறேன். இந்த நாலு நாள்தான் எல்லாரும் என் வீட்டுக்கு வர்றாங்க. அதையும் வேணாங்கறீங்களா?"

லிஃப்ட்காரர் அடுத்த கிறிஸ்துமஸுக்கு வேறு வழி பார்த்தார். கெஞ்சிக் கூத்தாடி மனைவியைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, தானே சமைத்தார். அவர் காலடியில் சமையலறை எட்டடியாகவே அடங்கிக் கிடந்தது. கையை நீட்டினால் அலமாரி, திரும்பினால் தொட்டி. கோழி பதமாக வெந்தது, கேக்கும் எழும்பி வந்தது. வந்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். டிரைவரம்மாவோ மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, இறங்க வேண்டிய இடம் தெரியாத பயணி மாதிரி உட்கார்ந்திருந்தார். யாராவது பேசினால் சிரித்தார். பெரியம்மா கோழியைப் பிய்த்துக்கொண்டே, "எல்லாம் சரியாத்தான் இருக்கு மாப்பிள்ளை. ஆனா ஏதோ ஒண்ணு..." என்று இழுத்தார். அவ்வளவுதான். டிரைவரம்மா சட்டென்று எழுந்தார். "மேல ஊத்தற சாறு வைக்கலையே. ஒரு கொதிதான், இதோ வந்துட்டேன்" என்று உள்ளே போனார்.

அந்தச் சாறு வரவில்லை. விருந்தாளிகள் கை கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். புத்தாண்டு வந்து போயிற்று. பள்ளிக்கூடங்கள் திறந்தன. சமையலறை இந்த முறை சுருங்கவில்லை. வாசலில் நின்று கூப்பிட்டால், "இதோ வந்துட்டேங்க, ஒரு கொதி வரட்டும்" என்று குரல் வந்தது. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. பஸ் டிப்போவிலிருந்து மேலதிகாரி வந்து, வாசலில் நின்று தானும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சம்பளமில்லாத விடுப்பு என்று எழுதிக்கொண்டு போனார். காணாமல் போனதாக எழுதித் தரச் சொல்லி லிஃப்ட்காரர் போலீஸ்காரரைக் கூட்டி வந்தார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் காதைத் தீட்டிக் கேட்டார். "குரல் நல்லாக் கேக்குதே, சார். இருக்கிறவங்களைக் காணோம்னு எப்படி எழுத முடியும்?" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. போகும்போது மிச்சமிருந்த கேக்கில் ஒரு துண்டு கொடுத்தனுப்பினார்கள்.

லிஃப்ட்காரர் தன் வாழ்நாளில் பாதியை, இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டவர்களிடம், "பதறாதீங்க, வந்துட்டே இருக்கேன்" என்று கத்துவதிலேயே கழித்தவர். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நிற்பது எப்படியிருக்கும் என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு நாள் கருவிப் பையையும் நான்கைந்து ரொட்டியையும் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். தரையில் அதே சாம்பல் நிறக் கல். கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஜன்னல் வந்தது, ஒவ்வொரு ஜன்னலிலும் அதே பின்சந்தும் அதே ஸ்கூட்டரும் தெரிந்தன. அங்கங்கே தொட்டியும் குழாயும் இருந்தன. திறந்தால் தண்ணீர் வந்தது. மேடையில் மூடி வைத்த தட்டுகள் கையைச் சுட்டன. வெகு தூரத்தில் கரண்டி பாத்திரத்தில் மோதும் சத்தம் கேட்டது. அவர் ஓடினால் சத்தமும் ஓடியது. மெதுவாக நடந்தால் அதுவும் மெதுவாக விலகியது. கையில் இருந்த ரொட்டி தீர்ந்த இடத்தில் நின்று, தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

"உட்கார்ந்து சாப்பிடுங்க, ஆறிடப் போகுது" என்று பதில் வந்தது. அதில் கோபமோ சோர்வோ இல்லை. வேலை மும்முரத்தில் இருக்கும் ஒருத்தியின் குரல், அவ்வளவுதான்.

அவர் மேடையிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பையிலிருந்த ஸ்பேனரையும் திருப்புளியையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தார். எதைக் கழற்றுவது, எதை முடுக்குவது என்று புரியவில்லை. எல்லாவற்றையும் மறுபடி பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். மேஸ்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நாம எதுவும் செய்ய முடியாதுண்ணே" என்றார். அதைச் சொன்னவுடன் மேஸ்திரிக்கே அழுகை வந்துவிட்டது. அவரை லிஃப்ட்காரர்தான் தேற்ற வேண்டியதாயிற்று.

நடுவில் சில வருஷங்கள் கிறிஸ்துமஸ் இல்லாமலே போயின. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். டிசம்பர் வந்தால் சமையலறையிலிருந்து கேக் வாசனை மட்டும் வந்து கூடத்தை நிரப்பும். அதில் உட்கார முடியாமல் லிஃப்ட்காரர் தெருவில் நடந்துகொண்டிருப்பார். பிறகு ஒரு வருஷம் மகள் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். "அம்மா சமைச்சு வச்சுக்கிட்டு இருக்காங்க. நாம யாருமே போகலைன்னா என்னப்பா அர்த்தம்?" என்றாள். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து மேஸ்திரி தள்ளிக்கொண்டு வந்தார். பழைய பஸ் பயணிகள் சிலரும் கம்பளியும் தண்ணீர் பாட்டிலுமாகச் சேர்ந்துகொண்டார்கள். விடுமுறையில் பாதி தீரும்வரை நடந்தார்கள். அன்று கிறிஸ்துமஸ்.

அங்கே மேடை நெடுக விருந்து வைத்திருந்தது. கோழியின் தோல் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. வந்தவர்களின் எண்ணிக்கைக்குச் சரியாகத் தட்டுகள் இருந்தன. கடைசியில் சின்னக் கிண்ணம் ஒன்றில், மசித்த உருளைக்கிழங்கு, காரமில்லாமல். குழந்தை பிறந்ததை யாரும் உள்ளே சொல்லியிருக்கவில்லை. மகள் அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். குழந்தைதான் பசி பொறுக்காமல் கையை விட்டு அள்ளித் தின்றது.

"உப்பு சரியா இருக்கா?" என்று தூரத்திலிருந்து குரல் வந்தது.

"சரியா இருக்கு!" என்று எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். பெரியம்மாவிடம் சொல்ல ஒரு குறையும் இல்லை. "இதைத்தான்டி அன்னைக்குச் சொன்னேன்" என்று மட்டும் வாய்க்குள் முனகிக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, நீயும் வந்து சாப்பிடும்மா!" என்று மகள் கத்தினாள்.

"நீங்க ஆரம்பிங்க, இதோ வந்துட்டேன்."

யாரும் அவசரப்படவில்லை. மெல்ல மெல்லச் சாப்பிட்டார்கள், ஒன்றுக்கு இரண்டு முறை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள், பழைய கதைகளைப் பேசிச் சிரித்தார்கள். சிரிப்பு கேட்கும் தூரத்தில் கரண்டிச் சத்தம் ஒரு கணம் நிற்கும், பிறகு தொடரும். அவர் வரவில்லை. மறுநாளுக்கு மேல் தங்க முடியாது. லீவு தீர்ந்துவிடும், திரும்பி நடக்கவும் நாள் வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு கிறிஸ்துமஸும் தவறியதில்லை. ஒவ்வொரு வருஷமும் விருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்டிருக்கும், அதனால் ஒரு நாள் முன்னதாகவே கிளம்புவார்கள். மகளின் ஆபீஸில் விடுமுறைக்கு எங்கே என்று கேட்டால், "சமையலறைக்கு" என்பாள். சிலர் கடற்கரைக்குப் போகிறார்கள், சிலர் மலைக்குப் போகிறார்கள் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை வளர்ந்து, குரலை மட்டும் கேட்டே அம்மாச்சியோடு சண்டை போடவும் கேக்கில் பெரிய துண்டு கேட்டு வாங்கவும் கற்றுக்கொண்டது. பெரியம்மா காலமான வருஷம் ஒரு தட்டு குறைவாக இருந்தது.

சாப்பாடு முடிந்ததும், "பாத்திரத்தை அப்படியே போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று குரல் வரும். மற்றவர்கள் மூட்டை கட்டுவார்கள். லிஃப்ட்காரர் மட்டும் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு தொட்டியடிக்குப் போவார். ஒவ்வொரு தட்டாகத் தேய்த்து, அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டி, அலசி, துணியால் ஈரம் போகத் துடைத்து மேடையில் அடுக்குவார். நேரமாகிறது என்று மகள் சொன்னால், "இந்த ஒரு சட்டிதான்" என்பார். அடுத்த வருஷம் அந்தப் பாத்திரங்கள் அங்கே இருக்காது, இன்னும் உள்ளே தள்ளி, நிறையச் சாப்பாட்டோடு இருக்கும். அதனால் அவர் கழுவியது டிரைவரம்மா கைக்குப் போய்ச் சேர்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கடைசித் தட்டை வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சத்தம் வரும் பக்கமாகத் திரும்பி, "போயிட்டு வரேம்மா" என்பார்.

"வாங்க" என்று பதில் வரும். அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொள்ள, எல்லாரும் கூடத்தை நோக்கி நடக்கத் தொடங்குவார்கள்.