ரேகை வளரும் வரை

கைரேகை எடுக்கிற கண்ணாடிப் பெட்டி நான்காவது முறையும் சிவப்பு விளக்கைத்தான் போட்டது. வலது கை, இடது கை, கட்டைவிரல்கள், மறுபடியும் வலது கை. கவுண்டரில் இருந்த அதிகாரி ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னாள், அழுத்தச் சொன்னாள். நான் அழுத்திய அழுத்தில் நகமெல்லாம் வெளுத்துவிட்டது. பாழாய்ப்போன பெட்டி அசைந்துகொடுக்கவில்லை.

"உன் விரல்ல ரேகையே இல்லையாம்மா," என்றாள் மகள். எட்டு வயது. இந்த நாட்டு பாஷை எங்கள் வீட்டில் அவளுக்குத்தான் நன்றாக வரும். அலுவலகமோ ஆஸ்பத்திரியோ, எங்களுக்கு வாய் அவள்தான். "கைக்கு ஓய்வு குடுத்துட்டு ரெண்டு வாரம் கழிச்சு வரணுமாம். அதுதான் கடைசியாம். நானும் அப்பாவும் அன்னைக்கே விரல் வச்சிக்கலாமாம்."

ரேகை எப்படி மிஞ்சும்? நான்கு வருடமாக ஒரு பெரிய சமையல்கூடத்தில் பாத்திரம் தேய்க்கிறேன். கருகின தட்டு, கம்பி நார், கறை எடுக்கிற நீலத் தண்ணீர். கையுறை கொடுக்கத்தான் செய்கிறார்கள். போட்டுக்கொண்டால் பிசுக்கு போனதா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது, வேலையும் ஓடாது. அதனால் எங்களில் யாரும் அதைத் தொடுவதில்லை. கெட்டிக்காரிகள்!

இந்த நாட்டில் நாங்கள் மூன்று பேரும் தங்குகிற அனுமதியும் என் வேலையை நம்பித்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் என் கணவர் என்ற முறையில் இங்கே இருக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது. பார்த்தது தெரிந்தால் மூவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்று பேரும் ரேகை பதிந்தால்தான் அதைப் புதுப்பிப்பார்கள். அனுமதி முடிய இன்னும் பதினைந்து நாள். எங்களுக்குக் கொடுத்த தேதி அதற்கு முந்தின நாள். ஊரில் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு வந்தவர்கள் நாங்கள். திரும்பிப் போனால் இறங்கி நிற்க ஒரு வாசல் கிடையாது.

அன்றைக்கே சமையல்கூடத்து சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். நம் பாஷை பேசுகிறவர். அவரை எல்லோரும் மீசை என்றுதான் சொல்வோம், எதிரில் மட்டும் அண்ணே.

"ரெண்டு வாரம் லீவு வேணும்ண்ணே."

"ஏழு நாளைக்கு மேல ஆள் வரலைன்னா அந்த ஆபீசுக்கு நான் எழுதிப் போட்டே ஆகணும்மா. எழுதினா உன் அனுமதி அன்னைக்கே போச்சு."

"வேலை பாத்தா ரேகை வராது. ரேகை வரலைன்னா அனுமதி கிடையாது. வேலை பாக்கலைன்னாலும் கிடையாதுங்கிறீங்க. நான் என்னதாண்ணே செய்றது? விரலைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வரவா?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பாவம், அவர் என்ன செய்வார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் என் அடையாள அட்டையை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "தொப்பி, முகமூடி, ஏப்ரன். கண்ணு மட்டுந்தானே தெரியும். பின்னாடி மூலையில யார் நிக்குறாங்கன்னு யார் பாக்கப்போறா?"

"உங்களுக்குப் பைத்தியமா? மாட்டினா மூணு பேரும் போச்சு."

"மாட்டலைன்னாலும் போச்சுதானே."

மீசையிடம் சொன்னபோது, "நான் எதையும் பாக்கல, எனக்கு எதுவும் தெரியாது," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினான்கு நாளும் நான் மகாராணி. தேங்காய் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு மருதாணி வைத்தவள் மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு டம்ளரைக்கூட வீட்டுக்காரர் கழுவ விடவில்லை. மகள் ஊட்டிவிட்டாள். தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று பேரும் என் விரலைப் பார்ப்போம். ஒன்பதாம் நாள் கட்டைவிரலில் மெல்லிசாக ஒரு கோடு. மகள் கத்தினாள், "வந்துடுச்சு! அம்மா, வந்துடுச்சு!" நான் அழுதேவிட்டேன். கண்ணைத் துடைக்கக்கூடக் கை இல்லை. அவர் தன் சட்டைக் கையை இழுத்து, அதைக்கொண்டு துடைத்துவிட்டார்.

எண்ணெய் தடவிவிடுங்கள் என்றால் மட்டும் மகளை ஏவுவார். "பொண்டாட்டி கையத் தொடக்கூட கசக்குதா?" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். சிரித்துக்கொண்டே கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அந்த நாள் வந்தது. அதே கவுண்டர், அதே அதிகாரி. மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை வைத்தேன். பச்சை. இடது கை, பச்சை. கட்டைவிரல்கள், பச்சை! எனக்கு அங்கேயே விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. அடுத்து மகள் வைத்தாள். பச்சை.

அவர் வைத்தார். சிவப்பு.

ஈரத்துணி வந்தது. அவர் துடைத்தபோதுதான் அந்த விரல்களை நான் பார்த்தேன். தோல் உரிந்து, சிவந்து, நுனியெல்லாம் வெந்துபோய், வழவழவென்று. பழக்கமில்லாத கை, அந்த நீலத் தண்ணீருக்குள் வெறுமனே கிடந்திருக்கிறது. பதினான்கு நாளும் என் விரல், என் விரல் என்றே இருந்துவிட்டோம். அவரும் விரல் வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும் மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லையே!

மறுபடியும் சிவப்பு. அதிகாரி குனிந்து அவர் கையைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். எண்ணெயில் ஊறி, சின்னப் பிள்ளையுடையது மாதிரி இருந்தது. திரையில் எதையோ தேடிப் படித்தாள். மகளிடம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

மகள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா என்ன வேலை பாக்குறாருன்னு கேக்குறாங்கம்மா. பாத்திரம் தேய்க்கிறது நீயா, அப்பாவான்னு கேக்குறாங்க." என் பக்கத்தில் ஒட்டி வந்து நின்றாள். "நான் என்னம்மா சொல்லட்டும்?"

என்ன சொல்லச் சொல்வேன்? பொய் சொல்லு என்றா? அப்பாவைக் காட்டிக்கொடு என்றா? நாங்கள் பேசாமல் நின்றதே போதுமானதாக இருந்திருக்கும். அதிகாரி போனை எடுத்து யாரையோ வரச் சொன்னாள். எங்களை ஓரத்து நாற்காலிகளைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"உன்னோட ரேகை விழுந்துடுச்சுல்ல? அது போதும்டி," என்றார் அவர்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. பிடிக்கவில்லை. தொட்டால் அவருக்கு எரியும்.