கரைக்கு வருவான்

எங்கள் சபையில் தீர்க்கதரிசன வகுப்பு சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. வெங்காயத் தோட்டத்தில் சனிக்கிழமை அரைநாள்தான் வேலை என்பதால் நான் கைகால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு நேரத்துக்குப் போய்விடுவேன். எவ்வளவு கழுவினாலும் விரலில் வெங்காயம் போகாது. ஜெபிக்கும்போது கையை முகத்தில் வைத்தால் கண் எரிந்து தண்ணீர் கொட்டும். பக்கத்தில் இருப்பவர்கள் எனக்குப் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்து "ஆமென், ஆமென்" என்பார்கள்.

பாஸ்டர் டெரன்ஸ் சிலாபத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். முப்பது வயசு இருக்கும். நாங்கள் படிக்கப் போன ஒன்பது பேரும் அவரைவிட மூத்த ஆட்கள். தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்கள், வாடியில் கருவாடு காயப்போடுகிறவர்கள். நல்ல மனுஷன் அவர். கத்த மாட்டார். ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து முழங்காலில் இருந்து கேட்பார்.

ஆளுக்கு ஒரு கொப்பி. பக்கத்தை மூன்றாகக் கோடு போட வேண்டும். முதலில் திகதி. நடுவில் கிடைத்த வார்த்தை. கடைசியில் அது வந்த விதம்: படம் தெரிந்தால் 'ப', சத்தம் கேட்டால் 'ச', மனதில் பாரமாக வந்தால் 'பா'. சொன்னது பிறகு நடந்துவிட்டால் பாஸ்டர் சிவப்புப் பேனையால் 'நிறைவேறியது' என்று எழுதிக் கையெழுத்து வைப்பார்.

படிக்கிற காலத்தில் மூன்று காரியம் யாருக்கும் சொல்லக்கூடாது என்பது சட்டம். சாவு, கலியாணம், பிள்ளை. வேறு எதுவானாலும் முதலில் வகுப்பில் இன்னொருவரிடம் சொல்லிச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் "கர்த்தர் சொல்லுறார்" என்று வாய் திறக்கலாம்.

டிராக்டர் ஓட்டுகிற சில்வெஸ்ரர் அண்ணனுக்கு எப்போதும் வாகனம்தான் தெரியும்.

"எனக்கு ஒரு லொறி தெரியுது பாஸ்டர்."

"நல்லம். லொறி என்ன செய்யுது?"

"ரிவேர்ஸ் எடுக்குது."

நாங்கள் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஆனால் அவருடைய கொப்பியில்கூட இரண்டு இடத்தில் சிவப்பு இருந்தது. என் கொப்பியில் ஆறு மாதமாக ஒன்றும் இல்லை. நாற்பத்திரண்டு வயசில் சபை கூடுகிற இதே தகரக் கொட்டிலில்தான் நான் எழுத்துப் படித்தேன். அதனாலோ என்னவோ, அந்தச் சிவப்பில் எனக்கு ஆசை இருந்தது. அதை மறைத்து எழுதினால் மிச்சம் எல்லாம் பொய்யாகிவிடும்.

இமெல்டா என்னோடு ஒரே வரிசையில் வெங்காயம் பிடுங்குகிறவள். இருபத்துநாலு வயசு. வகுப்புக்கு வருவதில்லை, ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வருவாள். கலியாணம் முடித்துப் பதினாலு மாதம். புருஷன் நிலுக்சன், முனாஸ் நானாவின் சின்ன போட்டில் நண்டு வலை போடப் போவான். வரம்பில் இருந்து சாப்பிடும்போது அவனுடைய கதைதான். "நேற்று அவன் கறி வைச்சான் ரெஜி அக்கா. உப்பு ரெண்டு தரம் போட்டிட்டான். வாயில வைக்க ஏலாது. நல்லா இருக்கெண்டு சொல்லித் திண்டன்."

கடல் கொந்தளிக்கிற சோளகக் காற்று தொடங்கின கிழமையில், ஒரு செவ்வாய்க்கிழமை, நிலுக்சன் தனியப் போனவன் திரும்பவில்லை. மத்தியானம் போட்டைக் கவிழ்ந்தபடி கண்டார்கள். எஞ்சின் இருந்தது, வலை இருந்தது, ஆள் இல்லை. நேவிக்காரரும் தேடினார்கள். முனாஸ் நானா தன்னுடைய மற்றப் போட்டை எடுத்துக்கொண்டு விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவார். வந்து இமெல்டாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாடிக்குப் பின்பக்கத்தால் போய்விடுவார்.

புதன்கிழமை பின்னேரம் வேலை முடிய நான் கரைக்குப் போனேன். இமெல்டா மணலில் குந்திக்கொண்டிருந்தாள். முதல் நாளிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அவளுடைய மாமி சொன்னாள். நான் பக்கத்தில் குந்தியதும் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்க படிக்கிறீங்கதானே. எனக்காகக் கேட்டுச் சொல்லுங்க."

"நான் இன்னும் படிச்சு முடிக்கேல்ல புள்ள. சனிக்கிழமை பாஸ்டரிட்டக் கேப்பம்."

"சனிக்கிழமை வரைக்கும் நான் இருப்பனா? கண்ண மூடுங்க அக்கா. ஒருக்காக் கேளுங்க."

கண்ணை மூடினேன். படம் இல்லை. சத்தம் என்றால் அலை மட்டும்தான். பாரம் இருந்தது, ஆனால் அது அவளுடைய பாரம். அவள் என் விரல்களை நெரித்துக்கொண்டே இருந்தாள். நல்லதாக ஒன்றைச் சொன்னால் விடுவாள் என்று கை சொன்னது. கர்த்தர் ஒன்றும் சொல்லவில்லை.

"கரைக்கு வருவான்," என்றேன்.

"ஆர் சொல்றது? நீங்களா?"

"கர்த்தர் சொல்லுறார்."

சோதிக்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. சாவைப் பற்றியும் சொல்லவில்லைதானே என்று எனக்குள்ளே சமாதானம் வேறு.

அவள் எழும்பினாள். அழுதுகொண்டே சிரித்தாள். மாமி கொண்டுவந்த பாணைப் பருப்பில் தொட்டு மூன்று துண்டு சாப்பிட்டாள். அதைப் பார்த்த பிறகு நான் செய்தது சரி என்றே நினைத்தேன். வீட்டுக்குப் போய்க் கொப்பியில் திகதி போட்டு 'கரைக்கு வருவான்' என்று எழுதினேன். கடைசிப் பத்தியில் எந்த எழுத்தைப் போடுவது என்று தெரியவில்லை. வெறுமையாக விட்டேன்.

அடுத்த நாள் அவள் வேலைக்கே வந்துவிட்டாள். ஊர்ப் பெண்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "என்ன இவள், புருஷன் கடலில, இவள் தல வாரிக்கொண்டு வந்திருக்கிறாள்," என்று ஒருத்தி காதுபடச் சொன்னாள். இமெல்டா திரும்பி, "அவன் வருவான். ரெஜி அக்காவுக்குக் கர்த்தர் சொல்லிட்டார்," என்றாள். எனக்கு உடம்பு கூசியது. கூசினாலும் ஒரு பெருமை இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுடைய போன் அடித்தது. கை முழுக்க மண் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். முனாஸ் நானா.

"தங்கச்சி, நிலுக்சன் கரைக்கு வந்திட்டான். வீட்டுப் பெரிய ஆக்களக் கூட்டிக்கொண்டு வா."

கடலில் தொழில் செய்கிறவர்கள் பிரேதம் என்று வாயால் சொல்ல மாட்டார்கள். கரைக்கு வந்தான் என்பார்கள். நாற்பத்தொன்பது வருஷம் இந்தக் கரையில் கிடந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நிமிஷம் அந்தச் சொல் என்னுடைய சொல்லாகத்தான் என் காதில் விழுந்தது. அவள் போனை மண்ணில் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். "அதே சொல்லு அக்கா! நீங்க சொன்ன அதே சொல்லு!" நானும் துள்ளினேன். சிவப்புப் பேனை என் நினைவில் வந்தது. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், வந்தது.

த்ரீவீலரைப் பிடித்து முதலில் அவள் வீட்டுக்குப் போனோம். தோய்த்து மடித்து வைத்திருந்த அவனுடைய சேட் ஒன்றையும் சாரத்தையும் எடுத்தாள். பிளாஸ்கில் பிளேன்டீ ஊற்றினாள். "சீனி கூடப் போட்டனான். நாலு நாள் உப்புத் தண்ணி குடிச்சிருப்பான்."

கரையில் ஆம்பிளைகள் வட்டமாக நின்றார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். த்ரீவீலர் நிற்கும் முன்னே எனக்கு விளங்கிவிட்டது. இமெல்டாவுக்கு விளங்கவில்லை. இறங்கி ஓடினாள். முனாஸ் நானா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே வந்தார்.

"வேணாம் புள்ள. இதில நில்லு."

"நானா, இத முதல்ல போடச் சொல்லுங்க. நனைஞ்சிருப்பான்." சேட்டை அவரிடம் நீட்டினாள்.

அந்த மனுஷன் சேட்டை வாங்கினார். வாங்கிக்கொண்டு "யா அல்லாஹ்" என்று மணலில் குந்திவிட்டார். அவள் அவரைத் தாண்டிப் போனாள். அதற்குப் பிறகு கேட்டதை நான் எழுத மாட்டேன்.

திங்கட்கிழமை அடக்கம். பெட்டியைத் திறக்கவில்லை.

வந்த சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். கொப்பியைக் காட்டாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் கதை எனக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. பாஸ்டர் டெரன்ஸ் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். கண் கலங்கியது அவருக்கு. உண்மையாகவே கலங்கியது.

"சிஸ்டர், கர்த்தர் உங்களுக்கு எவ்வளவு துல்லியமாச் சொல்லியிருக்கிறார் பாருங்க. உயிரோட எண்டு அவர் சொல்லேல்ல. கரைக்கு எண்டுதான் சொன்னார்."

"நான் உயிரோட எண்டு நினைச்சுத்தான் சொன்னன் பாஸ்டர்."

"நீங்க நினைச்சது வேற. அவர் சொன்னது வேற. எப்பிடி வந்தது? இதில எழுத்துப் போடேல்லயே."

"ஒண்டும் வரேல்ல. படமும் இல்ல, சத்தமும் இல்ல. அவள் கையைப் பிடிச்சிருந்தாள், நான் சொன்னன்."

"ஒண்டும் தெரியாமலே வாய் பேசியிருக்கு. அதுதான் சிஸ்டர் பெரிய வரம்." குனிந்து வெறும் இடத்தில் 'ச' என்று அவரே எழுதினார். பிறகு சிவப்புப் பேனையை எடுத்து 'நிறைவேறியது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். சில்வெஸ்ரர் அண்ணன் மட்டும் தட்டவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அடுத்த மாசம் சிலாபத்தில கூட்டம் இருக்கு. நீங்க சாட்சி சொல்ல வேணும். அந்தத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாங்க. ரெண்டு பேரும் மேடையில நிண்டா எத்தினை பேருக்கு விசுவாசம் வரும்! அவவுக்கும் ஆறுதலா இருக்கும்."

நான் கொப்பியை மூடிக்கொண்டு எழும்பினேன்.

செவ்வாய்க்கிழமை இமெல்டா வேலைக்கு வந்தாள். என் வரிசையில்தான் இருந்தாள். ஒரு மணித்தியாலம் பிடுங்கினோம். பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

"அக்கா, கடவுளுக்கு என்னோட என்ன கோவம்?"

"ஏன் புள்ள அப்பிடிக் கேக்கிறாய்?"

"செத்துத்தான் வருவான் எண்டு அவருக்குத் தெரியும்தானே. தெரிஞ்சுகொண்டு ஏன் அப்பிடிப் பூடகமாச் சொன்னார்? நேராச் சொல்லியிருந்தா நான் சேட்டத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டனே. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க, தேத்தண்ணியோட… அவர் என்னைப் பாத்துச் சிரிச்சவரோ அக்கா?"

பாஸ்டர் சொன்ன பதில் என் நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் மேடையில் நிற்கலாம். ஆனால் இவள் சாகும்வரைக்கும் தன்னைப் பார்த்துச் சிரித்த கடவுளோடு இருக்க வேண்டும்.

"அவர் சொல்லேல்ல," என்றேன். "ஒண்டும் கேக்கேல்ல எனக்கு. நீ சாப்பிடாமக் கிடந்தாய். நானாகத்தான் சொன்னன்."

அவள் கையில் இருந்த வெங்காயப் பிடியைக் கீழே வைத்தாள்.

"கர்த்தர் சொல்லுறார் எண்டீங்க."

"பொய்தான் புள்ள."

என் முகத்தைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"புதன் இரவு நான் நல்லா நித்திர கொண்டன் அக்கா," என்றாள். "வியாழனும். வெள்ளியும். கனவு கினவு ஒண்டும் இல்ல. காலம விடிஞ்சுதான் எழும்பினன். அவன் தண்ணிக்குள்ள கிடக்க அந்த மூண்டு இரவும் நான் நித்திர கொண்டிருக்கிறன். முழிச்சிருந்து ஒரு செபம்கூடச் சொல்லேல்ல. வருவான்தானே எண்டு படுத்திட்டன்."

"இமெல்டா…"

"நீங்க அங்கால வரிசைக்குப் போங்க."

போனேன். தோட்டக் கண்காணி செய்னுலாப்தீன் என் பக்கம் வந்து, "ஏன் ராத்தா, ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டார். "இல்ல," என்று அவளே அங்கிருந்து பதில் சொன்னாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு அவள் கிணற்றுப் பக்கம் போய் இருந்தாள். பின்னேரம் வரைக்கும் ஒருதரம் கூடத் திரும்பவில்லை. அன்றைக்கு அவள் என்னைவிட இரண்டு வரிசை கூடப் பிடுங்கியிருந்தாள்.