இரண்டாம் கியர்

ஆயர் ஈத்தாம் பாசார் கடைத்தெருவிலிருந்து டவுனுக்கு ஆள் ஏற்றிப் போன வாடகைக் கார்களில் வடிவம்மாளுடையதுதான் எல்லாவற்றிலும் பழையது. தோட்டத்துத் துரை ஒருவர் கழித்துப்போட்ட வண்டி. அவள் புருஷன் வாசு அதை வாங்கி, கூட்டாளி நல்லமுத்துவோடு சேர்ந்து மாதக்கணக்கில் பிரித்துப் பூட்டி ஓடவைத்தான். ஓடுகிற வண்டியை அவன் அதிக நாள் பார்க்கவில்லை. மலைக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. கார் வடிவம்மாளுக்கு ஆயிற்று. நல்லமுத்து சம்பளத்துக்கு ஓட்டினான்.

அவன் ஓட்டினால் கியர் மாறுவது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. அந்தக் காலத்துக் கார்களில் அது லேசான காரியமில்லை. கிளச்சை மிதித்து, கியரை நடுவுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கி, மறுபடியும் மிதித்த பிறகுதான் கம்பியை உள்ளே தள்ள வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பல்லோடு பல் மோதி அலறும். தைப்பூசத்தன்று மூட்டை முடிச்சோடு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறியபோதுகூட அவன் ஒருமுறையும் அலறவிட்டதில்லை. வடிவம்மாளும் அன்று அந்த வண்டியில்தான் இருந்தாள்.

முப்பத்து நாலாம் வருஷம் மழை பிடித்த சமயத்தில் சத்தம் ஆரம்பித்தது. மேட்டில் இரண்டாம் கியர் போடும்போதெல்லாம் கரகரவென்று இரும்பை அரைக்கிற சத்தம். சில நேரம் போட்ட கியர் தானாகவே கழன்று விழுந்தது. ஏறியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மறுநாள் வேறு காரில் ஏறினார்கள்.

"கியர் பொட்டி போச்சு தங்கச்சி" என்றான் நல்லமுத்து. "இனிமே இதுல காசப் போட்டா வீண்லா. ருக்குமணியோட தம்பி கெலுகோர்ல இருக்கான்ல, பழைய சாமான் எடுக்கறவன், அவன் வாங்கிக்கறேங்கறான். முழுசா ரோசாக் ஆயி ஓடாமப் போறதுக்குள்ள தள்ளிவிட்டுரு."

ருக்குமணி அவன் மனைவி. விற்றுவிட்டால் வடிவம்மாளுக்கு வேறு பிழைப்பு இல்லை. "எதுக்கும் மீரான் பாய்கிட்ட ஒரு தடவ காட்டிருவோம்ணே" என்றாள். அவன் முகம் சுருங்கியது. ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை.

நாகூர் மீரானின் பட்டறை டத்தோ கிராமாட் சாலையில் இருந்தது. அவர் முதலில் வண்டியை நிற்கவைத்து எஞ்சினை மட்டும் ஓடவிட்டுக் கேட்டார். சத்தமில்லை. கிளச்சை மிதித்தும் விட்டும் கேட்டார். மாற்றமில்லை. சாலையில் ஒரு சுற்று தாமே ஓட்டிப் பார்த்தார். முதல் கியரிலும் மூன்றாவதிலும் வண்டி அமைதியாகப் போனது. இரண்டாவதில் மட்டும் முனகியது. திரும்பி வந்து பெட்டியின் அடித்திருகைக் கழற்றி எண்ணெயைத் தகரத்தில் பிடித்தார். விரலால் தொட்டு வெளிச்சத்தில் காட்டினார். இரும்புத்தூளோடு உடைந்த பல்லின் சில்லுகளும் மினுங்கின.

"பேரிங் போயிருந்தா சும்மா நிக்கும்போதே ஊளையிடும்மா. அது நல்லா இருக்கு. கிளச்சும் முழுசா விடுது. ரெண்டாம் கியர் பல்லோட ஓரம் மட்டும் ஒடஞ்சிருக்கு. தேஞ்சு போனதில்ல, போடும்போது அடிபட்டது" என்றார் மீரான்.

"கிளச்சு நல்லா இருந்தா ஏன் பாய் அடிபடுது?"

மீரான் கையைத் துணியில் துடைத்தார். நல்லமுத்துவை ஒருதரம் பார்த்தார். "அத ஓட்டறவங்களத்தான் கேக்கணும்" என்றார்.

"பழைய வண்டி பாய், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே நல்லமுத்து வெளியே போய்விட்டான்.

வழக்கமாகப் பின்னால் உட்காருகிறவள் அன்று திரும்பும்போது முன்னால் ஏறினாள். ஆயர் ஈத்தாம் மேட்டில் வண்டி திணறியதும் அவன் இரண்டாம் கியருக்குக் கம்பியை இழுத்தான். அவள் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளச்சின் மேல் பாதம் சும்மா படுத்திருந்தது. பாதிகூட மிதிக்கவில்லை. பெட்டி அலறியது.

"நல்லா மிதிண்ணே."

அவன் திரும்பவில்லை.

"மிதிக்காமத்தான போடற? இத்தன நாளும் மிதிக்காமத்தான போட்டியா?"

அவனுடைய கழுத்து நரம்பு புடைத்தது. கம்பியைப் பின்னுக்கு இழுத்து மறுபடியும் ஓங்கித் தள்ளினான். பெட்டிக்குள் ஏதோ மடாரென்று முறிந்தது. வண்டி இழுவை இல்லாமல் பின்னோக்கி உருண்டது. அவன் கைப்பிரேக்கைப் பிடிப்பதற்குள் பின்சக்கரம் சாக்கடையில் இறங்கி நின்றது.

இருவரும் இறங்கினார்கள். அவன் ஓரமாகப் போய்க் குந்தினான்.

"இத எடுத்துக் கட்டினப்ப மழையிலயும் வெயிலயும் வாசுகூட வண்டிக்கடியில படுத்துக் கெடந்தது நானு" என்றான். "ஓட ஆரம்பிச்ச அன்னைக்கு என்ன சொன்னான்? ஆளுக்குப் பாதின்னு சொன்னான். நீயும்தான் பக்கத்துல சோறு போட்டுக்கிட்டு நின்ன."

வடிவம்மாள் நின்றிருந்தாள். கேட்டிருந்தாள். வாசு சிரித்துக்கொண்டே சொன்னதும், நல்லமுத்து தட்டிலிருந்து தலைதூக்கிப் பார்த்ததும் நினைவிருந்தது. வாசு போன பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. சம்பளம் கொடுத்தபோது அவன் வாங்கிக்கொண்டதால், அது போதும் என்று இருந்துவிட்டாள்.

"வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கணுமா?" என்றான் அவன். "தெரிஞ்சவகிட்ட கேக்கணுமா?"

"அதுக்காக, ஒம் மச்சான் கைக்குப் போகட்டும்னு நீ கட்டின வண்டிய நீயே ஒடப்பியா?"

அவன் எழுந்து மேட்டில் நடந்து போனான்.

மறுநாள் மீரான் ஆள் வைத்து வண்டியை இழுத்துப்போய்ப் பெட்டியைத் திறந்தார். இரண்டாம் கியரில் நான்கு பற்கள் வேரோடு போயிருந்தன. முறிந்த துண்டு மற்றப் பல்சக்கரங்களுக்கு இடையில் சிக்கி அவற்றையும் கடித்திருந்தது. "இந்த மாடலுக்கு இங்க சாமான் கெடைக்காதும்மா. சீமையிலயே இப்ப செய்யறாங்களோ என்னமோ. எஞ்சின மட்டும் மர ஆலைக்காரன் யாராச்சும் கேப்பான்" என்றார். அவள் சரி என்றாள்.

அன்று சாயங்காலமே நல்லமுத்துவின் வீட்டுக்குப் போனாள். ருக்குமணி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்தாளே தவிர, உள்ளே வா என்று சொல்லவில்லை. நல்லமுத்து உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது.

"அண்ணே, அவர் சொன்னது எனக்கு நெனவிருக்கு" என்றாள் வடிவம்மாள். "நாந்தான் பேசாம இருந்துட்டேன். பாதி ஒன்னுதுதான்."

கட்டில் கிரீச்சிட்டது. அவன் திரும்பாமலே கேட்டான்.

"இப்ப எதுல பாதி?"

ருக்குமணி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டு வடிவம்மாள் திரும்பினாள். அடுத்த மாதம் அவன் யாரோ ஒரு சீனருடைய லாரியை ஓட்டப் போனான். அவள் கோயில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மாவு அரைக்கச் சேர்ந்தாள். பாசாரில் எதிரெதிரே வந்த நாட்களில் இருவரில் யாராவது ஒருவர் முதலில் பாதையை மாற்றிக்கொண்டார்.