தீனதயாளன் கட்டாத வீடு

வடக்கனந்தலில் தீனதயாளனுக்கு ஒரு வீடு இருந்தது. அதற்காக அவர் ஒரு செங்கல்கூட வாங்கியதில்லை. கட்டியதெல்லாம் எட்வின்.

தவறு எட்வினின் பக்தியில் தொடங்கியது. தீனதயாளனின் காலிமனைக்கு அவன் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதியிருந்தான். கிரயம் பதிய, ஓசூரிலிருந்து மனையில் பங்குள்ள தீனதயாளனின் தங்கையும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்குள் பங்குச் சாமியாருக்கு மாற்றல் வந்துவிட்டது. தன் கல்யாணத்தை நடத்திவைத்தவர் கையால்தான் முதல் கல் என்று எட்வின் பிடிவாதம் பிடித்தான். சாமியார் கல்லை மந்திரித்துவிட்டுப் போனார். மந்திரித்த கல்லைச் சும்மா போட்டுவைக்கக் கூடாது என்றார் கொத்தனார் வேடியப்பன். தங்கைக்கு லீவு கிடைப்பதற்குள் சுவர்கள் ஜன்னல் உயரத்தையும் தாண்டிவிட்டன.

தங்கை வந்து சேர்ந்தபோது பத்திர எழுத்தர் சுவர்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இனிமே காலிமனைன்னு எழுத முடியாதுங்க. தீனதயாளன் கட்டடத்தோட வித்தாருன்னுதான் எழுதணும். கட்டடத்துக்கும் சேத்து முத்திரைத் தீர்வை."

"நான் கட்டின செவுத்த நானே வாங்கறதுக்கு வரியா?" என்றான் எட்வின்.

"பதிஞ்சிட்டுக் கட்டியிருந்தா மனைக்கு மட்டுந்தான்."

அவன் மனைவி லிடியா சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தாள். "இன்னா இப்ப? தீனதயாளண்ணன் நல்லாத்தான் கட்டிக்கிறாரு. வாங்கிடலாம்."

கிண்டல் செய்தாலும் கணக்கு அவளுக்கும் தெரியும். வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஐப்பசி மழைக்குள் கூரைக்குக் கான்கிரீட் போட வைத்திருந்த பணத்தில்தான் இந்த வரியையும் கட்ட வேண்டும்.

தீனதயாளன் மட்டும் ஒரு வாரமாகப் பெருமையில் மிதந்துகொண்டிருந்தார். தாளில் கிடைத்த வீட்டை மாலைதோறும் வந்து சுற்றிப் பார்த்தார்.

"சமையல்கட்ட நான் இந்த மூலையில வெச்சிருக்கக் கூடாது தம்பி."

"நீங்க எங்கண்ணா வெச்சீங்க?"

"சரி, யாரோ வெச்சிட்டாங்க."

கட்டடத்துக்கு மதிப்புப் போட ஒரு அதிகாரி வந்தார். வெயிலில் களைத்திருந்த அவர் சுவரை அரைக்கண்ணால் பார்த்து, "மண் சாந்துதானே?" என்று கேட்டபடியே எழுதத் தொடங்கினார். மண் சாந்தென்றால் வரி குறையும். லிடியா கல்வராயன் மலைப் பக்கம் திரும்பி மேகத்தைப் பார்த்தாள்.

"மண்ணா?" எட்வினுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சிமெண்ட் சார். கல்லு ஒவ்வொண்ணும் தட்டிப் பாத்து எடுத்தது. சத்தம் கேக்கறீங்களா?" தட்டியும் காட்டினான்.

"நானே பக்கத்துல நின்னுக்கினு கட்டுனது சார்," என்று தீனதயாளனும் சேர்ந்துகொண்டார்.

அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

அவர் போனதும் லிடியா சொன்னாள்: "கதவுக்குத் தேக்கு வாங்கப் போறத சொல்லாம வுட்டுட்டீங்களே. ஓடிப்போய் சொல்லிட்டு வாங்க."

"மண்ணுன்னு பொய் சொல்லச் சொல்றியா?"

"தட்டிக் காட்டச் சொன்னனா?"

இருந்த ஒரே ஆறுதலைப் பத்திர எழுத்தர்தான் கண்டுபிடித்தார். மனையும் சுவரும் சேர்ந்தே பத்து லட்சத்துக்குள் அடங்குவதால், பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் கம்மி. அப்படியே பதிந்தார்கள். எட்வின் மூச்சைப் பிடித்துக் கட்டிய, தீனதயாளன் விற்ற வீட்டை லிடியா வாங்கினாள். எட்வின் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

மிச்சப் பணத்தில் ஒரே ஓர் அறைக்குத்தான் கான்கிரீட் போட முடியும் என்றார் வேடியப்பன். மலை தெரியும் முன்னறையைக் காட்டினான் எட்வின்.

"சமையல்கட்டுக்குப் போடுங்க," என்றாள் லிடியா. "ராத்திரிக்குப் புள்ளைங்களோட நான் அங்கயே படுத்துக்குவேன். மத்ததுக்கெல்லாம் தகரம்."

"நான் எங்க படுக்கறது?"

"ஓனருகிட்ட கேக்கறீங்களா, பொண்டாட்டிகிட்ட கேக்கறீங்களா?"

எட்வின் முன்னறைப் பக்கம் பார்த்தான்.

"யாரு வாடகை கம்மியா கேப்பாங்களோ, அவங்ககிட்ட."